ஒரு டேங்குக்கு எத்தனை மூடி?

(தஞ்சாவூரில் பொறியியல், வேளாண் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குறுவை நட்டு மூன்று நான்கு வாரம் ஆன சமயத்தில் ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ உரக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: “ஒரு டேங்குக்கு எத்தனை மூடிண்ணே?” கேட்பவர் கையில் பூச்சிமருந்து பாட்டில் இருக்கும். பாட்டிலில் லேபிள் உண்டு. கூடவே பல மடிப்பாக மடித்த துண்டறிக்கை ஒன்றும் உண்டு. அதில் தமிழும் உண்டு. ஆனாலும் அவர் அதைப் பிரிப்பதில்லை, கடைக்காரரைத்தான் கேட்கிறார்.

படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் தினத்தந்தியில் மேட்டூர் நீர்மட்டத்தையும் வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதையும் படித்துவிட்டு வந்தவர்தான். துண்டறிக்கை ஹெக்டேரில் பேசுகிறது: இத்தனை மில்லி மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்று. அவரிடம் இருப்பது மூன்று மா நிலம், முதுகில் மாட்டும் பத்து லிட்டர் தெளிப்பான், அளப்பதற்கு பாட்டில் மூடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று எண்ணும் ஊரில் மூன்று மா என்றால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் இருபது டேங்க். ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் மருந்து என்றால் ஏக்கருக்கு 400 மில்லி, டேங்குக்கு 20 மில்லி. மூடியோ பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். இத்தனை கணக்கையும் வரப்பில் நின்று அவரே போட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்தத் தாளை எழுதியவர் எதிர்பார்க்கிறார். கடைக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: “ரெண்டு மூடி போடுங்க. சுருட்டுப்புழு அதிகமா இருந்தா ரெண்டரை.”

இன்றைய தேதிக்குக் காவிரி டெல்டாவில் அதிகம் பேர் கேட்டு நடக்கும் தொழில்நுட்ப எழுத்தாளர் அந்தக் கடைக்காரர்தான். எழுதாமலே எழுத்தாளர். சிக்கல் என்னவென்றால், மருந்து விற்பவரும் அவரே. அந்த அரை மூடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே லேபிளில் ஒரு மூலையில் சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கில் ஒரு நிறத்தில் இருக்கும். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் கொண்டுவந்த ஏற்பாடு அது. சிவப்பு கொடிய நஞ்சு, பச்சை நஞ்சு குறைந்தது. ஓர் எழுத்தும் படிக்காமல் புரிந்துகொள்ளலாம். ஒரே பாட்டிலில் ஒரு மூலை வாசகனை நினைத்தது, இன்னொரு மூலை சட்டத்துக்குப் பயந்து நிரப்பப்பட்டது.

இந்தப் பேச்சின் வாதம் இதுதான்: வழிமுறை, அறிவிப்பு, ஒப்பந்தம், கையேடு எதுவானாலும் எழுதியவர் மேசையில் முடிவதில்லை. அதை வைத்து ஒருவர் வேலை செய்யும்போது எங்கே தடுக்குகிறது என்று நின்று பார்த்துத் திருத்தினால்தான் முடிகிறது. இந்தப் பார்த்துத் திருத்தும் பழக்கம் காவிரிக்கரைக்குப் புதிது இல்லை. வகுப்பறைக்குத்தான் அது இன்னும் வரவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பலரும் பக்தியோடு பார்க்கிறார்கள், சிலர் சிற்பத்தைப் பார்க்கிறார்கள். அதை ஓர் அலுவலகக் கோப்பாகப் படித்துப் பார்த்தால் சுவாரசியம் வேறு. 1010இல் கட்டிமுடித்த அந்தக் கோயிலுக்குச் சோழ மன்னன் ராஜராஜன், கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினான். கல்வெட்டு அவர்களை ‘நானூறு பேர்’ என்று மொத்தமாகச் சொல்லி நிறுத்தவில்லை. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவராக எழுதுகிறது. ஒருவருக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நூறு கலம் என்று சொன்னால் போதுமா? எந்த மரக்காலால் அளப்பது என்ற தகராறு மறுநாளே வருமே. அதற்கும் இடம் வைக்கவில்லை. ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளக்க வேண்டும் என்று அங்கேயே இருக்கிறது.

அதற்கும் மேலே ஒரு படி போகிறார்கள். பங்கு பெறுபவர் இறந்துபோனால்? ஊரைவிட்டுப் போய்விட்டால்? அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியான வேறொருவரை அவரே தேர்ந்து பணியில் வைக்க வேண்டும். எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் கல்லை வெட்டும் முன்பே பத்து வருஷம் கழித்து வரப்போகும் வழக்கை யோசித்திருக்கிறார். நகைகள் பற்றிய கல்வெட்டுகளும் இப்படித்தான். பொன்னை நிறுக்க ஒரு கல், மணி இழைத்த நகைகளுக்கு ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்று வேறொரு கல். எந்தக் கல்லால் நிறுத்தது என்பது எடையோடு சேர்ந்தே வருகிறது. தணிக்கைக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்விக்குச் சுவரே பதில் சொல்லிவிடும்.

திருத்துவதற்கு இன்னும் நல்ல உதாரணம் டெல்டாவுக்கு வெளியே, காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில் இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் அந்த ஊர்ச் சபை, வாரியம் என்ற ஊர்க் குழுக்களுக்கு ஆள் தேர ஒரு விதி எழுதிக் கல்லில் வெட்டியது. இரண்டே வருஷத்தில், 921இல், அதே சபை அதைத் திருத்தி இன்னொரு கல்வெட்டு எழுதியது. வயது வரம்பு முதலில் முப்பதிலிருந்து அறுபது. திருத்தத்தில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. பள்ளிப் பாடப்புத்தகம் குடவோலையைப் பண்டைய மக்களாட்சி என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எழுத்துத் தொழில் செய்பவர் பார்க்க வேண்டியது அதன் நடைமுறைப் பகுதியை.

ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் கட்டுக் கட்டாகக் குடத்துக்குள் போகின்றன. ஊரில் இருக்கும் நம்பிமார் (கோயில் அர்ச்சகர்கள்) அனைவரும் சபையில் உட்கார்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தை எடுத்து நிற்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அது வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கப்படுகிறது. அதிலிருந்து அந்தச் சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். அந்த மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஓலையை வாங்க வேண்டும்! வாசித்துவிட்டு மற்ற நம்பிமாரிடமும் கொடுக்க, அவர்களும் வாசிக்க, அதன் பிறகே பெயர் பதிவாகிறது.

விரல் ஏன் விரிய வேண்டும்? மடங்கிய விரலுக்குள் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கலாம். ‘முறைகேடின்றி நடத்தப்பட வேண்டும்’ என்று இன்றைய சுற்றறிக்கை எழுதும் இடத்தில் அந்தச் சபை விரலைப் பற்றி எழுதியது. முறைகேட்டை நேரில் பார்த்த ஒருவர்தான் அப்படி எழுதியிருக்க முடியும் என்பது ஊகம். ஆனால் வலுவான ஊகம்.

தமிழில் இதற்கு இலக்கணமும் இருந்தது. தொல்காப்பிய மரபியலும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூலின் பாயிரமும் நூலுக்குப் பத்துக் குற்றம், முப்பத்திரண்டு உத்தி என்று பேசுகின்றன; நன்னூல் பத்து அழகையும் சொல்கிறது. நன்னூல் பாயிரம் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எப்படிப் பாடம் சொல்ல வேண்டும், மாணவர் எப்படிக் கேட்க வேண்டும் என்றும் விரிகிறது. குன்றக் கூறல் (தேவையானதைச் சொல்லாமல் விடுவது), மயங்க வைத்தல் (பொருள் இதுவா அதுவா என்று குழப்புவது) என்ற இரண்டு குற்றங்களை மட்டும் ஒரு செங்கல் அளவு தடித்த டெண்டர் ஆவணத்தில் தேடச் சொன்னால் ஒரு பருவத்துக்கான வீட்டுப்பாடம் கிடைத்துவிடும். பரிதாபம், அந்தப் பகுதியைத் தமிழ் இலக்கிய மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார். பொறியியல் மாணவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மயங்க வைத்தல் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இந்த மண்ணைவிட நல்ல சாட்சி கிடையாது. 1924 பிப்ரவரி 18இல் சென்னை மாகாண அரசும் மைசூரு அரசும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மைசூருவுக்குக் கிருஷ்ணராஜசாகர், சென்னைக்கு மேட்டூர். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. கிருஷ்ணராஜசாகரின் இயக்கம், எந்த மாதம் எவ்வளவு நீர் விட வேண்டும் என்பதெல்லாம் ஒழுங்குமுறை விதிகளாகப் பின்னிணைப்பில் துல்லியமாகவே இருந்தன. அந்தப் பொறியாளர்கள் தங்கள் பங்கை ஒழுங்காகவே செய்தார்கள். தடுக்கியது வேறோர் இடத்தில். குறிப்பிட்ட சில உட்பிரிவுகளின் ஏற்பாடுகள், ஐம்பது ஆண்டு முடிந்ததும், அனுபவத்தின் அடிப்படையில் மறுபரிசீலனைக்கு உரியவை என்று ஒரு பிரிவு சொன்னது. மறுபரிசீலனையில் உடன்பாடு வராவிட்டால் என்ன? அதுவரை பழைய ஏற்பாடு தொடருமா, நின்றுவிடுமா? பிரிவு வாய் திறக்கவில்லை.

1974 வந்தது. ஒப்பந்தமே காலாவதி என்றது கர்நாடகம். அந்தச் சில பிரிவுகளைத்தான் மறுபடி பார்க்க வேண்டும், ஒப்பந்தம் நிற்கிறது என்றது தமிழ்நாடு. 1990 ஜூனில் நடுவர் மன்றம், 1991இல் 205 டிஎம்சி இடைக்காலத் தீர்ப்பு, 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வழக்கு நீண்டது. ஐம்பதாண்டோடு 1974இல் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றே உச்ச நீதிமன்றம் கடைசியில் சொன்னது. மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில், தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நீர் 177.25 டிஎம்சி என்று குறைந்தது. பற்றாக்குறை ஆண்டின் தண்ணீர்ச் சண்டையை எந்த வாக்கியமும் தீர்த்துவிடாது என்பது உண்மை. ஆனால் ‘தளிச்சேரிப் பெண் ஊரைவிட்டுப் போய்விட்டால்’ என்று கேட்ட எழுத்தர் ஒருவர் 1924இல் அந்த மேசையில் இருந்திருந்தால், வாதாடுவதற்கு ஒரு கேள்வியாவது குறைந்திருக்கும்.

கற்பிப்பதற்கு வருவோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848இலிருந்து மருத்துவம் பார்த்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். பாடநூல் இல்லை. தம் மாணவர்களையே மொழிபெயர்ப்பாளர்களாக உட்கார வைத்து, உடற்கூறிலிருந்து இரண வைத்தியம் வரை தமிழில் கொண்டுவந்தார். படிப்பவனே எழுதுபவன், எழுதியதை நோயாளி முன் பயன்படுத்துபவனும் அவனே. எழுத்துப் பயிற்சியையும் தொழிற்பயிற்சியையும் பிரிக்காத அந்த ஏற்பாட்டுக்கு இணையாகத் தமிழ்நாட்டில் பின்னர் எதுவும் அமையவில்லை. தஞ்சையில் 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்து அறிவியல் களஞ்சியத் தொகுதிகள் போட்டது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கியது. களஞ்சியம் நூலகத்துக்குப் போனது, தமிழ்வழி மாணவர் நேர்முகத் தேர்வை நினைத்துக் கவலைப்படுகிறார்.

டெல்டாவில் தொழில்நுட்பத் தமிழ் உண்மையிலேயே ஜெயித்த ஒரு காலம் உண்டு. அது காகிதத்தில் வரவில்லை. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் ஏடிடி 27 என்ற ரகத்தை வெளியிட்டது. ஜப்பானிய, இந்திய நெல் வகைகளை ஒட்டி எடுத்த குறுகிய காலப் பயிர், குறுவைக்குத் தோதானது. தஞ்சை மாவட்டம் அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது. மக்கள் பேச்சில் ‘பேக்கேஜ் திட்டம்’. திருச்சி வானொலி இந்த நெல்லைப் பற்றி விடாமல் சொன்னது. கடைசியில் ரகத்தின் எண்ணே மறைந்து, உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்று கேட்டு வாங்கினார்கள். ஒரு விதைக்கு ஊடகத்தின் பெயர் வாய்த்தது!

வானொலிக்கு எழுதுபவருக்கு ஒரு கட்டாயம் உண்டு. கேட்பவர் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான், எண்ணை இரண்டு தடவை சொல்ல வேண்டும், ‘மேற்கூறிய’ என்ற சொல்லே ஆகாது. போதாக்குறைக்குக் கேட்பவர் அஞ்சலட்டையில் கேள்வி எழுதுவார். ‘நாற்றுக்கு எத்தனை நாள் வயசு’ என்று நாலைந்து அட்டை வந்தால், போன வாரம் சொன்னது எடுபடவில்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் வேறு மாதிரி சொல்லியாக வேண்டும். அஞ்சலட்டைதான் அங்கே ஆசிரியர்.

இன்று டெல்டாவில் புழங்கும் தொழில்நுட்ப ஆவணங்களில் முதல் மதிப்பெண் எதற்கு என்று கேட்டால், ஒரு பிளாஸ்டிக் பட்டைக்குத்தான். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை சில படிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நட்ட பதினாலாம் நாளிலிருந்து வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை, நோய் இல்லாத பத்துப் பயிரில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு, குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் மேலுரமாக யூரியா போடலாம், இல்லையென்றால் வேண்டாம். அந்த எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4.

இதில் கவனிக்க வேண்டியது கூடவே வரும் இரண்டு குறிப்புகள். வெயில் நேராக விழாதபடி உங்கள் உடம்பின் நிழலில் அட்டையைப் பிடியுங்கள் என்பது ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் பார்க்கட்டும் என்பது மற்றது. வயலுக்குப் போகாமல் இந்த இரண்டையும் எழுத முடியாது. வெயிலில் பச்சை வெளுத்துத் தெரிவதையும், அப்பாவுக்கு மூன்றாகத் தெரிவது மகனுக்கு நான்காகத் தெரிவதையும் யாரோ நேரில் பார்த்திருக்கிறார்கள்.

இனி வகுப்பறை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறை முதல் இரண்டு பருவத்திலும் தொழில்சார் ஆங்கிலத்தை வைத்தது. வழிமுறை எழுது, பரிந்துரை எழுது, சரிபார்ப்புப் பட்டியல் எழுது என்பவை நம் பொறியியல் கல்லூரிகளில் வழக்கமான பயிற்சிகள். தலைப்பு பெரும்பாலும் மழைநீர் சேகரிப்பு, இல்லாவிட்டால் சாலைப் பாதுகாப்பு. மாணவர் எட்டுப் பரிந்துரை எழுதுகிறார், எட்டுக்கும் ‘வேண்டும்’ போட்டு முடிக்கிறார். அதைப் பின்பற்றப்போகிறவர் யாருமில்லை. வாசகர் ஒருவரே, திருத்தும் ஆசிரியர். அவருக்கோ விஷயம் முன்பே தெரியும். தெரிந்தவருக்கே சொல்லிப் பழகிய கை, தெரியாதவருக்குச் சொல்ல வரும்போது திணறாமல் என்ன செய்யும்? தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று இரண்டு தாள்கள் சேர்ந்திருப்பது நல்லதுதான். ஆனால் அவை சோழர் செய்ததைச் சொல்லிக்கொடுக்கின்றன. சோழர் கால எழுத்தர் செய்த வேலையை மாணவரிடம் கேட்பதில்லை.

கேட்டால் எப்படி இருக்கும்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பாணியில் வாக்கியம் இப்படி அமையும் (இது பயிற்சிக்காகப் புனைந்தது): “விவசாயப் பெருமக்கள் தங்களது நெல்லினை நன்கு உலர்த்தி, உரிய ஈரப்பதத்தில், தேவையான ஆவணங்களுடன் கொண்டுவந்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” பெருமக்களுக்கு மரியாதை கிடைத்துவிட்டது, தகவல் கிடைக்கவில்லை. உரிய என்றால் எவ்வளவு? தேவையானது எது?

மாணவர் திருத்துகிறார்: “ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் நெல்லை எடுப்போம். வண்டியில் ஏற்றும் முன் ஒரு படி நெல்லை எடுத்துவந்து இங்குள்ள மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கும் வேண்டும். ஒரு சிப்பம் 40 கிலோ. எடை போடும்போது அருகில் நில்லுங்கள்.” பல மடங்கு மேல். ஆனால் இதுவும் வெறும் வரைவுதான். ஈரமான வருஷங்களில் மத்திய அரசு வரம்பைத் தளர்த்துவது உண்டு. எந்தத் தேதி முதல் இந்த 17 என்று இல்லாவிட்டால் பழைய தாளைக் காட்டிச் சண்டை வரும். இதைக் கையில் கொடுத்தால் அறுப்பு முடித்து வந்தவர் முதலில் கேட்கப்போவது வேறு: “நெல்லைக் கொண்டாந்து குவிச்சாச்சு, இன்னும் முறை வரல, ராத்திரி மழை வந்தா யார் தார்ப்பாய் போடுறது, தம்பி?” அந்தக் கேள்விக்கு இரண்டு வரைவிலும் பதில் இல்லை. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, நிலைய அலுவலரிடம் பதில் வாங்கி, மூன்றாவது வரைவு போடும்போதுதான் மாணவர் இந்தத் தொழிலுக்குள் காலெடுத்து வைக்கிறார்.

காலண்டரும் இதற்கு வாகாகவே இருக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில் வரும். அப்போது கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவம் நடந்துகொண்டிருக்கும். கல்லூரிகள் இருக்கும் வல்லத்திலிருந்தும் திருமலைசமுத்திரத்திலிருந்தும் பேருந்தில் போய்விடும் தூரத்திலேயே கொள்முதல் நிலையங்கள் உண்டு. ஆகஸ்டில் முதல் வரைவு, அறுப்புச் சமயத்தில் ஒரு நாள் நிலையத்தில் நின்று யார் எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்று குறிப்பு, அதன்பின் திருத்திய வரைவு. இருபது மதிப்பெண்ணில் முதல் வரைவுக்கு ஐந்து, குறிப்புக்கும் திருத்தத்துக்கும் பதினைந்து. பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. அகமதிப்பீட்டுக்கான பயிற்சி எது என்பதை ஆசிரியரே முடிவு செய்துகொள்ளலாம். துறைத்தலைவரிடம் வாங்க வேண்டியது ஒரு நாள் வெளியே போக அனுமதி. அந்த விண்ணப்பத்தையும் மாணவரே எழுதட்டும்.